பேசாமல் நிற்பவர்கள்

ஜனவரி 9

அன்புத் தங்கைக்கு,

நான் நலம். நீயும் நலம் என்றே எடுத்துக்கொள்கிறேன், இல்லாவிட்டால் எழுதியிருப்பாய். எழுத்து ஏறி இறங்கி இருந்தால் பொறுத்துக்கொள். இரண்டு கண்ணிலும் நடுப்பகுதி போய்விட்டது, ஓரம்தான் மிச்சம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எழுதுகிற வரி எனக்குத் தெரியவில்லை. அதற்கு மேலும் கீழும் உள்ளது மங்கலாகத் தெரிகிறது. மூட்டைகளில் விலாசம் எழுதுகிற தடிப்பேனாதான் இனி எனக்கு. தையற்கடையை மூடிவிட்டேன்.

இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ "ம்" என்பாய். அந்த "ம்" எனக்கு இப்போது வேண்டாம்.

விஷயம் இதுதான். கொஞ்ச நாளாக வீட்டுக்குள் ஆட்கள் நிற்கிறார்கள். கூடத்துச் சுவரோரம் பெண்கள், வரிசையாக. உயரமான தொப்பி, பச்சைச் சட்டை. எனக்கு என் கையே சரியாகத் தெரிவதில்லை, ஆனால் அந்தச் சட்டைகளின் கழுத்துப் பட்டியில் ஓடுகிற தையல் ஒவ்வொன்றும் தெரிகிறது. இத்தனை வருஷத் தொழிலில் நான் அவ்வளவு நேராகப் போட்டதில்லை. அவர்கள் பேசுவதில்லை. என்னைப் பார்ப்பதும் இல்லை. நிற்கிறார்கள், அவ்வளவுதான்.

யாரிடமும் சொல்லவில்லை. என் பையனிடம் சொன்னால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். "தனியா ஏம்மா கஷ்டப்படறே, மாடி ரூம் காலியாத்தானே கிடக்கு" என்று வாரம் தவறாமல் சொல்கிறான். அவன் வீட்டில் அந்த அறையை நான் பார்த்திருக்கிறேன். தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருக்கிறது.

நீ பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துகிறவள். எனக்குப் பைத்தியமா இல்லையா என்று மட்டும் எழுது. சுற்றி வளைக்காதே.

அக்கா


ஜனவரி 21

அன்புள்ள அக்கா,

உனக்குப் பைத்தியம் இல்லை.

பெரிய எழுத்தில் அச்சடித்து அனுப்புகிறேன், பூதக்கண்ணாடி வைத்து மெதுவாக வாசி. நான் புள்ளியியல் சொல்லித் தருகிறவள், கண்ணைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அதனால் மருத்துவத் துறையில் இருக்கும் சக ஆசிரியை ஒருவரைக் கேட்டேன். அவர் கொடுத்ததை வாசித்தேன். பார்வை குறையும்போது மூளை சும்மா இருப்பதில்லை, காலியான இடத்தில் தானே எதையாவது வரைந்து வைக்கிறது. தொப்பி, சட்டை, சிறு பிள்ளைகள், செங்கல் சுவர். இதற்கு ஒரு பெயர்கூட வைத்திருக்கிறார்கள். பார்வை குறைந்தவர்களில் நிறையப் பேருக்கு இது உண்டு. பைத்தியம் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்து யாரும் வாயைத் திறப்பதில்லை. மருத்துவர்களும் முன்கூட்டிச் சொல்லி வைப்பதில்லை.

ஒரு விதி எழுதித் தருகிறேன், மனதில் வைத்துக்கொள். சத்தம் இல்லாதது எதுவும் அங்கே இல்லை. அதற்குப் பேச்சுக் கொடுக்காதே. விலகிப் போகாதே, நேராக நட. கவனித்தால் நிலைக்கும், கவனிக்காவிட்டால் கரைந்துவிடும்.

இங்கே எல்லாம் வழக்கம் போல. சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே.

அன்புடன்,
தங்கை


பிப்ரவரி 26

அன்புத் தங்கைக்கு,

நலம், மிக நலம். உன் கடிதத்தை வாசிக்க ஒரு காலைப் பொழுது முழுக்க ஆனது. முதல் வரியை மட்டும் பலமுறை வாசித்தேன்.

விதி வேலை செய்கிறது! தொப்பிக்காரிகளுக்கு நடுவில் புகுந்து நடக்கிறேன், மரியாதையாகக் கரைந்து வழிவிடுகிறார்கள்.

கண் ஆஸ்பத்திரியில் காத்திருக்கும்போது என்ன தோன்றியதோ, பெஞ்சில் இருந்தவர்களைப் பார்த்துச் சத்தமாகவே கேட்டுவிட்டேன். "இங்க யாருக்காவது இல்லாத ஆளுங்க தெரியறாங்களா? எனக்குத் தெரியறாங்க."  அப்புறம் பக்கத்திலிருந்து ஒரு ஆண் குரல், மெதுவாக: "உங்களுக்கு எத்தனை பேரும்மா?"

அவர் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். "எனக்கு வர்றவங்க யாருமே டிக்கெட் எடுக்க மாட்டேங்கிறாங்க" என்றார். பெஞ்சே சிரித்தது. சிரித்தவர்களில் ஒருவர் அழுதுகொண்டும் இருந்தார்.

இப்போது சனிக்கிழமைதோறும் என் வீட்டுக் கூடத்தில் கூடுகிறோம். மணி அடிக்கத் தடவ வேண்டாம் என்று அன்றைக்குக் கதவைத் திறந்தே வைத்துவிடுவேன். உள்ளே வருகிறவர் குரல் கொடுத்துக்கொண்டே வரவேண்டும், அதுதான் எங்கள் ஒழுங்கு. பெயரை யாரும் சொல்வதில்லை, பட்டப்பெயர்தான். கடிகாரம் பழுது பார்ப்பவர் ஒருவர் இருக்கிறார். எதைக் கேட்டாலும் கையைத் தூக்கி "ஒரு நிமிஷம்" என்பார், பெயரும் அதுவே ஆகிவிட்டது. "ஒரு நிமிஷம் வந்தாச்சு!" என்று தெருவிலிருந்தே கத்துவார். டெலிபோன் ஆபரேட்டராக இருந்த பெண்ணுக்குப் பெயர் எக்ஸ்சேஞ்ச். அவளுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை, உருவம் எதுவும் தெரிவதும் இல்லை. "இதுக்குக்கூட எனக்குக் குடுப்பினை இல்ல பாருங்க" என்று அலுத்துக்கொள்கிறாள். சட்டம், சலுகை, ஊன்றுகோல் வாங்கும் இடம் எல்லாம் அவளுக்கு அத்துப்படி. எங்களை மேய்ப்பதே அவள்தான்.

நீ வந்து ஒரு சனிக்கிழமை இருந்துவிட்டுப் போயேன்.

அக்கா


மார்ச் 14

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் மகிழ்ச்சி தந்தது. எனக்குச் சங்கங்களில் நம்பிக்கை கிடையாது என்று உனக்குத் தெரியும். இரண்டாம் கூட்டத்தில் தலைவர் யார் என்று சண்டை வரும், மூன்றாவதில் பிளவு. உங்களுடையது விதிவிலக்காக இருக்கட்டும்.

ஆனால் கூடிச் சிரிப்பதோடு நிறுத்தாதீர்கள். பார்வை போகிறது என்று நோயாளியிடம் சொல்லும் அதே வேளையில், "இல்லாத உருவங்கள் தெரியலாம், அது கண்ணின் வேலை, பயப்படாதீர்கள்" என்று சொல்ல மருத்துவருக்கு எவ்வளவு நேரம் ஆகும்? அதைக் கேட்டு வாங்குங்கள். நீண்ட கோரிக்கை வேண்டாம். ஒரே ஒரு வாக்கியம்.

தேர்வுக் காலம். வர முடியாது. முட்டி வலி எப்படி இருக்கிறது?

அன்புடன்,
தங்கை


ஏப்ரல் 30

அன்புத் தங்கைக்கு,

முட்டி அதன் பாட்டுக்கு இருக்கிறது.

ஒரே வாக்கியத்தோடு கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பெரிய டாக்டர் முதலில், "எதுக்கும்மா இல்லாததைச் சொல்லிப் பயமுறுத்தணும்?" என்றார். "இல்லாததைப் பார்க்கிறது நாங்க டாக்டர். நீங்க இருக்கறதைச் சொன்னாப் போதும்" என்றாள் எக்ஸ்சேஞ்ச். கடிகாரக்காரரான ஒரு நிமிஷம் கையைத் தூக்கிவிட்டு, தான் பட்டதை எடுத்துச் சொன்னார். கடை மேஜை முழுக்கச் சிறு குழந்தைகள் உட்கார்ந்திருந்ததாம். வீட்டில் சொல்லப் பயந்து, வேலை இருப்பதாகச் சொல்லி, மாதக்கணக்கில் கடையிலேயே படுத்துக்கொண்டாராம். கேட்டுவிட்டு டாக்டர் நாற்காலியை எங்கள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். ஆகஸ்டில் சுற்று வட்டாரக் கண் டாக்டர்கள் எல்லாரும் கூடுகிறார்களாம். "அங்க வந்து நீங்களே பேசுங்க" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். தையற்காரிக்கு வந்த யோகத்தைப் பார்!

இன்னொன்று. பையன் ஒரு சனிக்கிழமை சொல்லாமல் வந்தான், வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டான். எல்லாரும் போன பிறகு, "எவ்ளோ நாளா இது?" என்றான். சொன்னேன். உன் கடிதத்தையும் காட்டினேன். "சித்தி எழுதினா சரியாத்தான் இருக்கும்" என்றான். அப்புறம் அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "இருந்து பாரும்மா. ஆனா இந்த வீட்ல ஏதாவது ஒண்ணு நடந்துச்சு, அப்புறம் பேச்சே கிடையாது. கூட்டமும் கிடையாது, வீடும் கிடையாது. என்னோட வந்துடணும்."

சரி என்றேன். என்ன நடந்துவிடப் போகிறது?

அக்கா


ஜூன் 19

தங்கைக்கு,

நலம். மழை பிடித்துக்கொண்டது. இரண்டு சனிக்கிழமை கூட்டம் இல்லை. நம் கடிகாரக்காரர், ஒரு நிமிஷம், ஆஸ்பத்திரியில் கிடந்து போய்விட்டார்.

நீ எழுதிய விதி, அது எந்தப் புத்தகத்தில் இருந்தது? சும்மாதான் கேட்கிறேன்.

அக்கா


ஜூலை 11

அன்புள்ள அக்கா,

நலம்தானா? உன் கடிதம் கிடைத்த அன்றே பதில் போட்டேன். அது வந்து சேர்ந்ததா என்றுகூடத் தெரியவில்லை. போனில் கேட்டால் "ஒண்ணுமில்ல" என்கிறாய். கடிகாரக்காரர் மறைவு உனக்கு எவ்வளவு வருத்தமாக இருக்கும் என்று சொன்னேன். நீ "ம்" என்றாய். அக்கா, அது என் பழக்கம், உன்னுடையது அல்ல.

எக்ஸ்சேஞ்ச் அம்மாவின் எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினேன். "உங்க அக்காவையே கேளுங்க. நான் லைன் குடுக்கிறவ, நடுவுல பேசறவ இல்ல" என்று வைத்துவிட்டார்.

விதியைப் பற்றிக் கேட்டிருந்தாய். பாதி நான் வாசித்த கட்டுரையில் இருந்தது. மீதியை உனக்கு எளிதாக இருக்கட்டும் என்று நானே சுருக்கி எழுதினேன்.

ஏன் கேட்டாய்?

தங்கை


ஜூலை 24

அன்புத் தங்கைக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன்.

அன்று சனிக்கிழமை. கதவைத் திறந்து வைத்துவிட்டுத் தண்ணீர் எடுத்து வர உள்ளே போனேன். திரும்பி வந்தால் ஜன்னலுக்குக் கீழே பெஞ்சில் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார். குரல் எதுவும் வரவில்லை. வருகிறவர்கள் குரல் கொடுப்பார்கள், கொடுக்காதவர்கள் வராதவர்கள். நான் பாட்டுக்கு டம்ளர்களை அடுக்கினேன்.

ஒன்று உறுத்தியது. இல்லாதவர்கள் எனக்கு எப்போதும் தெளிவாகத் தெரிவார்கள், இருப்பவர்கள்தான் மங்கல். இந்த ஆள் மங்கலாக இருந்தார். உறுத்தியும் நேராக நடந்தேன். அவர் முழங்காலை உரசுகிற தூரத்தில்தான் நடந்தேன். அப்போது அவர் கையைத் தூக்கினார். கவனித்தால் நிலைக்கும் என்று எழுதியிருந்தாய் அல்லவா, முகத்தைத் திருப்பிக்கொண்டேன். உள்ளே போய் வெங்காயம்கூட நறுக்கினேன். திரும்ப வந்தபோதும் கை தூக்கியபடியே இருந்தது. கொஞ்சம் தாழ்ந்திருந்தது.

எக்ஸ்சேஞ்ச் வந்தாள். "எக்ஸ்சேஞ்ச் வந்தாச்சு" என்றவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"உள்ள யாருக்கா?"

"யாரும் வரல. நீதான் முதல்ல. உக்காரு."

"மூச்சு கேக்குதே."

"என் மூச்சா இருக்கும்."

"உங்க மூச்சு எனக்குத் தெரியாதா? இது இழுக்குதுக்கா."

சத்தம் வந்த பக்கம் நேராகப் போனாள். கையை வைத்தாள். அவர் முகத்தைத் தடவிவிட்டு, "ஐயோ, நம்ம ஒரு நிமிஷம்" என்றாள்.

பக்கவாதம். பேச்சை அடித்துவிட்டது, ஒரு பக்கத்தையும். எப்படியோ நடந்து வந்து உட்கார்ந்திருக்கிறார். கொஞ்ச நாள் கிடந்து போய்விட்டார். முன்னாலேயே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரைக் கேட்டேன். "இருக்கலாம். சொல்ல முடியாது" என்றார். அவர் அப்போதுதான் வந்து உட்கார்ந்தார் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பையனும்தான். எக்ஸ்சேஞ்சுக்குத் தெரியும், ஆனால் சொல்ல மாட்டாள்.

இப்போது அவரைத் தெளிவாகப் பார்க்கிறேன். உயிரோடு இருந்தபோது அவர் முகம் எனக்குத் தெரிந்ததே இல்லை. இப்போது சட்டையின் மேல் பித்தான் வேறு நிற நூலில் தைத்திருப்பதுகூடத் தெரிகிறது. கை தூக்கியபடி அந்தப் பெஞ்சில் இருக்கிறார்.

அடுத்த மாதம் அத்தனை டாக்டர்கள் முன்னால் நின்று, பயப்படாதீர்கள், அது வெறும் கண்ணின் வேலை என்று சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வேன்? உள்ளதைச் சொன்னால் பையன் என்னை அழைத்துக்கொண்டு போய்விடுவான், அவனைக் குறை சொல்லவும் முடியாது. நான் என்ன செய்யட்டும்?

அக்கா


ஆகஸ்ட் 3

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் கிடைத்தது.

நீ கேட்டதற்குப் பதில்: சொல்லாதே. மருத்துவரே சொல்ல முடியாது என்று கைவிரித்த ஒன்றை நீ ஏன் உன் தலையில் போட்டுக்கொள்ள வேண்டும்? இப்படி ஒரு சேர்க்கை நேர்வது மிக மிக அரிது. பேச்சிழந்த ஒருவர், திறந்த கதவு, தனியாக இருக்கும் நீ. அரிதான ஒன்றை வைத்துப் பொதுவான முடிவுக்கு வரக்கூடாது என்பதுதான் நான் வகுப்பில் முதல் நாள் சொல்வது. நீ இதைச் சொன்னால் அவர்கள் அந்த ஒரு வாக்கியத்தையும் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். இன்னும் எத்தனையோ பேர் பயந்துகொண்டு வாயை மூடிக்கொண்டிருப்பார்கள். நீயும் மாடி அறைக்குப் போய்விடுவாய். யாருக்கு என்ன லாபம்?

எழுதி வைத்ததைப் பேசிவிட்டு வீட்டுக்கு வா.

இரண்டு நாளாக வகுப்புக்குப் போகவில்லை. சளி, வேறொன்றும் இல்லை.

தங்கை


செப்டம்பர் 2

அன்புத் தங்கைக்கு,

சளி தேவலையா? வெந்நீர் குடி.

நீ சொன்னதைக் கேட்கவில்லை. கோபித்துக்கொள்ளாதே.

டாக்டர்களிடம் போவதற்கு முன் கடிகாரக்காரர் மனைவியிடம் போனேன். எக்ஸ்சேஞ்ச் கூட வந்தாள். வாசலில் நின்றே சொன்னேன். அந்த அம்மா முழுக்கக் கேட்டுக்கொண்டார். அப்புறம், "கையைத் தூக்கினாரா?" என்றார். ஆமாம் என்றேன். "ஒரு நிமிஷம்னு சொல்லத்தான் தூக்கியிருப்பாரு." அவ்வளவுதான். கதவைச் சாத்திக்கொண்டார். அறைந்து சாத்தவில்லை, மெதுவாகத்தான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

டாக்டர்கள் கூட்டத்துக்குப் பையன்தான் காரில் கொண்டுபோய் விட்டான். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான் போலிருக்கிறது. எனக்கு அது தெரியாது, தெரிந்திருந்தாலும் நிறுத்தியிருக்க மாட்டேன். தொப்பிக்காரிகளைப் பற்றிச் சொன்னேன், சிரித்தார்கள். அப்புறம் பெஞ்சைப் பற்றிச் சொன்னேன். ஒரு நாற்காலி நகரவில்லை. அந்த அறையில் ஆள் இருக்கிறார்களா என்றே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இளவயதுக் குரல் ஒன்று கேட்டது: "அப்ப நாங்க பேஷன்ட்கிட்ட என்னதாம்மா சொல்லணும்?"

"ரெண்டு வாக்கியம் சொல்லுங்க டாக்டர். இல்லாத ஆளுங்க தெரியலாம், அது கண்ணோட வேலை, பயப்படாதீங்க. யாரு தெரிஞ்சாலும் யாருன்னு கேளுங்க, பதில் வரலைன்னா கையை வெச்சுப் பாருங்க."

எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. எங்கள் ஆஸ்பத்திரியில் இப்போது இரண்டையும் சொல்கிறார்களாம். கண்டக்டர் விசாரித்துவிட்டு வந்து சொன்னார்.

திரும்பி வரும்போது பையன் வாயைத் திறக்கவில்லை. மூட்டை கட்டத் தயாராக இருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை வந்தான். தெருமுனையிலிருந்தே கத்திக்கொண்டு வந்தான், "அம்மா, நான்தான் வரேன், நெசமாவே நான்தான்!" என்று. அக்கம்பக்கம் எட்டிப் பார்த்திருக்கும். சாப்பிட்டான். போகும்போது, "மாடி ரூம்ல பழைய சாமானைப் போட்டு வெச்சுட்டேன்" என்றான். 

இந்தச் சனிக்கிழமை கூடுகிறோம். நான் இப்போது தெரிகிற எல்லாரிடமும் போய்க் கை வைத்துப் பார்க்கிறேன். வீட்டைச் சுற்றி வரவே நேரம் சரியாகப் போகிறது.

அக்கா


அக்டோபர் 17

அன்புள்ள அக்கா,

உன் வீட்டிலிருந்து நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தேன். சனிக்கிழமைக் கூட்டத்தில் தலைவர் சண்டை வரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

உன்னிடம் நேரில் சொல்லாமல் வந்துவிட்டதை எழுதுகிறேன். உன் வீட்டுக்கு வந்த அன்று நான் குரல் கொடுக்கவில்லை. கதவு திறந்திருந்தது. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வாசல் நிலைக்கு உள்ளே நின்றேன். விளையாட்டுக்கு இல்லை. நான் எழுதிய அந்த நான்கு வரி விதியைக் கடிகாரக்காரர் இருந்த பக்கத்திலிருந்து ஒரு முறை பார்க்க வேண்டும் என்று தோன்றியது. ரயிலில் வரும்போதெல்லாம் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

நீ உள்ளேயிருந்து வந்தாய். காலியான பெஞ்சுக்குப் போய்க் குனிந்து, "யாரு?" என்று கேட்டாய். கையை வைத்தாய். பிறகு சுவரோரம் போய் வரிசையாக, ஒவ்வொரு இடமாக, யாரு, யாரு என்று. அங்கே ஒருவரும் இல்லை அக்கா. அவசரமே இல்லாமல், பிள்ளைகளைக் கணக்கெடுக்கும் ஆசிரியை மாதிரி. பிறகு என் பக்கம் திரும்பினாய். "யாரு?" என்றாய். நான் சொல்லியிருக்க வேண்டும்.  மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டேன். நீ என்னைக் கடந்து போய்விடுவாயோ என்று எனக்கு உண்மையாகவே பயமாக இருந்தது.

நீ வந்தாய். கை என் கன்னத்தில் பட்டது, பிறகு கண்ணாடியில். "நீயா? கண்ணாடியைத் துடைக்கவே மாட்டியா?" என்றாய். ஏன் பேசாமல் நின்றாய் என்று நீ கேட்கவே இல்லை.

அந்த விதி என்னுடையது. இதை ஆகஸ்டிலேயே எழுதியிருக்க வேண்டும்.

தங்கை


அக்டோபர் 29

அன்புத் தங்கைக்கு,

நலம். உன் முதுகு வலிக்கு அந்தத் தலையணையை மாற்று.

கேட்காததற்குக் காரணம் ஒன்றும் இல்லை. நீ அழுதுகொண்டிருந்தாய், கன்னம் ஈரமாக இருந்தது. விதியை நீ எழுதினாய், அதன்படி நடந்தது நான். இதில் பங்கு பிரிக்க வேண்டாம்.

ஆனால் நீ செய்த காரியத்தால் ஒரு தொந்தரவு வந்திருக்கிறது. நீ போன மறுநாளிலிருந்து வாசலில் நிற்கிறாய். முதலில் வெறுங்கையோடு நின்றாய். உன் கடிதத்தை வாசித்த பிறகு செருப்பும் கையில் சேர்ந்துவிட்டது. உன் முகத்தைப் பார்த்து எத்தனை வருஷம்! நெற்றிப் பக்கம் இவ்வளவு நரைத்திருக்கும் என்று நினைக்கவில்லை. அத்தனையும் என் மூளை வரைந்தது என்று சொல்வாய். சொல்லிக்கொள்.

இல்லை என்று தெரிந்துதான் எழுந்து போகிறேன். அடுப்பில் பால் இருந்தாலும் போகிறேன். யாரு என்று கேட்கிறேன், நீ பதில் சொல்வதில்லை. கையை நீட்டுகிறேன், தெருக்காற்றுதான் படுகிறது. உடனே கையை எடுத்துவிடுவதில்லை. கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் திரும்புகிறேன்.

அக்கா